பரம்பிக்குளம் கூடாரம்: கட்டணம் எங்கே போகிறது, எதைக் கேட்கலாம்?

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போகிறவர்கள், ஒரே காட்டுக்கு ஏன் இரண்டு இடத்தில் பணம் கட்ட வேண்டும் என்று முணுமுணுப்பது வழக்கம். பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது; 2010-இல் புலிகள் காப்பகமானது. அங்கே போகும் சாலையோ தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிறது. நிர்வாகம் வேறு, ரசீதும் வேறு.

பரம்பிக்குளத்துக்குள் தங்க ஆனப்பாடிக் கூடாரத்துக்கோ துணக்கடவு மரவீட்டுக்கோ கட்டும் தொகை லாட்ஜ் வாடகை அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, சுற்றுலாவுக்காகச் சரணாலயத்தில் நுழையவும் தங்கவும் நிபந்தனைகளோடு அனுமதி தருகிறது. விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 27-ஆம் பிரிவு தடுக்கிறது. காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், எரியும் தீயை அப்படியே விட்டுப்போவதும் 30-ஆம் பிரிவின்படி குற்றம். குளிருக்குச் சுள்ளி பொறுக்க இறங்குபவரை வழிகாட்டி அதட்டினால் கோபப்படுவதில் நியாயமில்லை.

அந்தப் பணம் எங்கே போகிறது? தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல்களின்படி, நுழைவுக் கட்டண வருவாய் மாநிலக் கஜானாவுக்குப் போகாமல் காப்பகத்தின் அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். காட்டைக் காப்பதற்கும், அங்கு வாழ்பவர்களின் பிழைப்புக்கும், மனித-விலங்கு மோதலைச் சமாளிக்கவும் அதைச் செலவிட வேண்டும். உங்களுடன் வரும் காடர், மலசர் பழங்குடி வழிகாட்டிகளின் ஊதியமும் சுற்றுலாவை நம்பித்தான் இருக்கிறது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்ற வரம்பும் அதே ஆவணத்தில் உண்டு. இடம் கிடைக்கவில்லை என்று திரும்புபவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

புலியைப் பார்க்கவில்லை என்பது புகார் ஆகாது. கூடாரம் கிழிந்திருந்தால், கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால், சொன்ன வழிகாட்டி வராவிட்டால் கட்டாயம் எழுதுங்கள். நல்லபடியாக நடந்ததையும் எழுதினால் அங்கே உழைப்பவர்களுக்கு உதவும். "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல்லால் எதையும் சரிசெய்ய முடியாது. தேதி, கூடாரம், குறை மூன்றும் இருக்கட்டும். கடிதம் காப்பகத்தின் துணை இயக்குநருக்குப் போக வேண்டும். கட்டணம் எப்படிச் செலவானது என்று அறிய 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பதிலுக்கு 30 நாள் கெடு.

கேரளத் தமிழர்கள் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று உண்டு. அந்த மாநிலத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மையினர் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அலுவலகங்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும் அவர்கள் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில்தான் வர வேண்டும்.