கால்நடை மருத்துவப் படிப்பு: 7.5 சதவீத இடம் கைநழுவுவது எங்கே?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. 2021-இல் வந்த சட்டம் இது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. ஐந்தரை வருடப் படிப்பு என்பதால் சின்னத் தொகை இல்லை.

முதல் பொறி, அரசு உதவி பெறும் தனியார் பள்ளி. அங்கேயும் புத்தகம் இலவசம், ஆசிரியருக்குச் சம்பளம் அரசுதான் தருகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அரசுப் பள்ளி இல்லை. “எங்களுடையதும் அரசுப் பள்ளி மாதிரிதான்” என்று யாராவது சொன்னால், அந்த ‘மாதிரி’யில்தான் சீட்டு போகும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் கணக்கில் வரும்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு ஒரு வருடம் மட்டும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் போச்சு. கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கான சான்றை அந்தத் தனியார் பள்ளியிடம்தான் வாங்க வேண்டும். தேடிப் பார்த்துத் தர அவர்களுக்கு என்ன அவசரம்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டு அரசுப் பள்ளிகளில் படித்தவள். டிசியில் கடைசிப் பள்ளி மட்டும்தான் இருந்தது. ரிசல்ட் வருவது மே மாதம், பள்ளிக்கு லீவு. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் ஊரில் இல்லை; அடுத்த அலுவலகத்துக்குப் போனால், “அவரிடமே வாங்கி வா” என்றார்கள். தேதி முடிந்தது. ஆகவே படித்த ஒவ்வொரு பள்ளியிலும், எந்த வகுப்பு, எந்த வருடம் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையுமாக ஏப்ரலுக்குள் வாங்கிவிடுங்கள். விண்ணப்பக் கையேட்டில் படிவம் இருந்தால் அதிலேயே. இனிஷியல் எல்லாச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம். உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண் போதும். நீட் எழுதவில்லையே என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள். எம்பிபிஎஸ் கவுன்சலிங்கில் இது வராது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கணினி மையத்தில் விண்ணப்பம் நிரப்பினால், 7.5 சதவீதக் கேள்விக்கு ‘ஆம்’ போட்டிருக்கிறார்களா என்று நீங்களே திரையில் பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.