மாவட்ட விழுக்காட்டைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்களா? குழந்தைகள் ஊட்டச்சத்துத் தரவை கிராம சபையில் பயன்படுத்தும் வழி

அங்கன்வாடியில் சத்துமாவு வரவில்லை, எடை பார்க்கும் கருவி பழுது, மையம் ரொம்பத் தூரம் என்று மனு கொடுக்கும் பெற்றோருக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "உங்க மாவட்டம் நல்ல நிலையிலதான் இருக்கு." சொல்பவர் ஆதாரமாகக் காட்டுவது, மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் தேசிய குடும்ப நல ஆய்வின் (NFHS) மாவட்டத் தாளை. அந்தத் தாளை நாமும் படிக்கலாம். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்தவர்களை அந்தப் பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

பின்னணி சுருக்கமாக. ஐந்தாவது ஆய்வு 2019–21-இல் நடந்தது. தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 விழுக்காடு, உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள் 14.6, எடை குறைந்தவர்கள் 22. முந்தைய ஆய்வோடு ஒப்பிட்டால் மூன்றும் குறைந்திருக்கின்றன. கூட்டங்களில் இதைத்தான் சொல்வார்கள். குழந்தைகளிடம் ரத்தசோகை 50.7-லிருந்து 57.4 விழுக்காட்டுக்கு ஏறியதும் அதே தாளில்தான் இருக்கிறது. அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இதற்குப் பிந்தைய சுற்றின் தாள் உங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் முறை மாறாது.

மாவட்டத் தாளில் ஏமாறும் இடங்கள்

முதலில் மாவட்டத்தின் பெயரைப் பாருங்கள். ஐந்தாவது ஆய்வு 2017 மார்ச் நிலவரப்படியான 32 மாவட்டங்களைத்தான் எடுத்தது. தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகிய ஆறுக்கும் அதில் தனித் தாள் கிடையாது. தென்காசிக்காரருக்குக் காட்டப்படும் எண் பழைய திருநெல்வேலியுடையது. கள்ளக்குறிச்சியின் மலைக்கிராமத்துக்கு விழுப்புரத்தின் சராசரியைச் சொல்வார்கள். "இந்த எண் எங்கள் மாவட்டத்துக்குத் தனியாக எடுத்ததா?" என்ற ஒரு கேள்வியிலேயே பேச்சின் போக்கு மாறிவிடும்.

அடுத்தது அடைப்புக்குறி. எண் அடைப்புக்குள் இருந்தால் அது 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துச் சொன்னது. நட்சத்திரக் குறி இருந்தால் 25 பேர்கூடக் கிடைக்கவில்லை, அதனால் எண்ணே போடவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட எண்ணை வைத்து அவர்களும் வாதாடக்கூடாது, நாமும் வாதாடக்கூடாது.

மூன்றாவது, "இரண்டு விழுக்காடு குறைந்துவிட்டது" என்ற மகிழ்ச்சி. ஒரு மாவட்டத்தில் சுமார் 900 வீடுகளுக்குத்தான் போகிறார்கள். அதில் 200 குழந்தைகளை அளந்து 25 விழுக்காடு வந்ததாக வைத்துக்கொண்டால், உண்மை 19-க்கும் 31-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். இரண்டு மூன்று புள்ளி ஏறுவதையோ இறங்குவதையோ வைத்து ஒரு மாவட்டம் முன்னேறியது என்றும் சொல்ல முடியாது, சறுக்கியது என்றும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், இது மாவட்டக் கணக்கு. உங்கள் ஒன்றியத்துக்கோ ஊருக்கோ இதில் எண் கிடையாது. உங்கள் ஊருக்கு ஒரு மருத்துவ முகாம் வேண்டும் என்று கேட்கும்போது மாவட்டத் தாளைக் காட்டி மறுப்பதும் தவறு. அதே தாளை வைத்து "எங்கள் ஊரில் 25 விழுக்காடு" என்று நாம் தீர்மானம் எழுதுவதும் தவறு. மாவட்டத் தாள் கேள்வி கேட்க மட்டும் உதவும். பதில் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறது.

ஊர்க் கணக்கை எடுப்பது

ஊர் அளவில் விழுக்காடு பேசாதீர்கள், தலைக்கணக்கு பேசுங்கள். 30 குழந்தைகள் உள்ள மையத்தில் ஒரே குழந்தை கூடினாலும் குறைந்தாலும் மூன்று விழுக்காட்டுக்கு மேல் ஆடிவிடும்.

வேண்டியவை இவ்வளவுதான்: மையத்தின் எல்லைக்குள் 6 வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர், கடந்த மாதம் எடையும் உயரமும் எடுத்தது எத்தனை பேருக்கு, அதில் கடும் மெலிவு எத்தனை, மிதமான மெலிவு எத்தனை, சத்துமாவும் முட்டையும் வந்த தேதிகளும் அளவும். கடும் மெலிவை அலுவலகத்தில் "சாம்" என்பார்கள், மிதமானதை "மாம்" என்பார்கள். ஒரு மாதக் கணக்கு போதாது. 12 மாதத்தையும் வாங்குங்கள். வேலையில்லாத மாதங்களில் எண் ஏறுவது அப்போதுதான் தெரியும்.

பதிவேட்டில் சாம் கட்டத்தில் மாதாமாதம் சுழியம் இருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். அளந்த விதத்தைப் பாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். தலை பலகையில் தொட வேண்டும், முழங்காலை மெல்ல அழுத்திப் பாதம் நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் நிற்கவைத்து, செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரை ஒட்ட அளக்க வேண்டும். உச்சியில் போட்ட குடுமியும் கிளிப்பும் உயரத்தில் சேரக்கூடாது. படுக்கவைக்க வேண்டிய குழந்தையை நிற்கவைத்து அளந்திருந்தால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். உயரத்தை மூன்று செ.மீ. குறைத்து எழுதினால் மெலிந்த குழந்தையும் கணக்கில் சரியாக இருப்பதாக வந்துவிடும். கூட்டி எழுதினால் வளர்ச்சி குன்றிய குழந்தை மறைந்துவிடும். கருவி உடைந்து கிடக்கும் மையத்தில் போன மாத எண்ணையே லேசாகக் கூட்டி எழுதுவார்கள். 12 மாதத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்: எல்லாக் குழந்தையும் மாதம் 200 கிராம் ஏறிக்கொண்டே போகும்.

சந்தேகம் வந்தால் கைச்சுற்றளவு நாடா போதும். ஆறு மாதம் முடிந்து ஐந்து வயது ஆகாத குழந்தையின் இடது மேல்கை நடுவில் 11.5 செ.மீ.-க்குக் கீழே இருந்தால் கடும் மெலிவு. தீர்மானத்துக்கோ கூட்டத்துக்கோ காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். இரண்டு காலும் வீங்கியிருந்து, அழுத்தினால் குழி விழுந்தாலும் அப்படியே. கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணியாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சாம் எண் ஏறினால் முதல் மெமோ அவருக்குத்தான் வருகிறது. அதனால்தான் எண் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கருவி இல்லை, சரக்கு வரவில்லை, காலிப் பணியிடம் நிரப்பவில்லை என்று மேலே நோக்கிக் கேளுங்கள். பணியாளரே உங்களுக்குக் கணக்கு எடுத்துக் கொடுப்பார்.

பதிவேட்டில் விழாத குழந்தைகள்

தாய்வீட்டுக்குப் போன பெண்தான் முதல் பலி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறார், குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆனபிறகு திரும்புகிறார். மாமியார் ஊரில் "அவங்க இங்க இல்ல" என்பார்கள், அம்மா ஊரில் "உங்க பதிவு அங்க இருக்கு" என்பார்கள். இணை உணவு மிகவும் தேவைப்படும் காலம் முழுதும் இரண்டு மையத்துக்கும் நடுவில் போய்விடும். அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் செயலியில் பயனாளியை ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. கிளம்பும் முன்பே பதிவான கைப்பேசி எண்ணையும் மையத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு போய், புது மையத்தில் மாற்றக் கேளுங்கள்.

தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளையைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடும் மையங்கள் உண்டு. மதிய உணவுக்கு அந்தப் பிள்ளை வராது, சரி. மாதாந்திர எடை பார்க்க வரலாம். ஆய்வுக்காரர்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையையும் அளக்கிறார்கள், மையம் அளப்பதில்லை. இரண்டு கணக்கும் ஒட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

"ரேஷன் அட்டையில் பெயர் இல்லை" என்பது அங்கன்வாடி உணவை மறுக்கக் காரணமே அல்ல. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இன் 5வது பிரிவு ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு இலவச உணவை உரிமையாகத் தருகிறது. அட்டையோடு அதைக் கட்டவில்லை. செங்கல் சூளையில் இருக்கும் வெளிமாநிலக் குழந்தைக்கும் அதே உரிமைதான். அளவும் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 2013-இல் அது நாளுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். 2023-இல் அட்டவணையைத் திருத்தினார்கள், மனுவில் எழுதும் முன் திருத்திய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெலிந்த குழந்தைக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே பொட்டலத்தைக் கொடுத்தால், அது சட்டம் சொன்ன அளவில்லை.

ஆதார் இல்லை என்று குழந்தைக்கு எந்தப் பலனையும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஆதார் தீர்ப்பில் சொல்லிவிட்டது. ஆனாலும் 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு முகப்பதிவு கேட்கிறார்கள். தாயின் முகம் பொருந்தவில்லை, ஓ.டி.பி. வரவில்லை என்று வெறுங்கையோடு அனுப்பினால், "முகப்பதிவு ஆகாததால் இன்று உணவு தரப்படவில்லை" என்று தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பாதி இடங்களில் உணவு கிடைத்துவிடும்.

கிராம சபையில்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் விஷயத்துக்கு அக்டோபர் 2 முக்கியம். அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத் தயாரிப்பு அதை ஒட்டித்தான் தொடங்கும். ஜனவரியில் போய்க் கேட்டால் "திட்டம் ஏத்தியாச்சு" என்பார்கள்.

ஒரு வாரம் முன்பே தலைவரிடமோ, தலைவர் இல்லாத ஊரில் தனி அலுவலரிடமோ பொருளை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கு வாயால் மட்டும் சொன்னால் "கோரிக்கை பெறப்பட்டது" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். கோரிக்கை வேறு, தீர்மானம் வேறு. ஒன்றிய அலுவலகத்தில் தீர்மான எண்ணைத்தான் கேட்பார்கள்.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. ஒருவர் குறைந்தாலும் பிறகு "கோரம் இல்லை" என்று தீர்மானத்தையே தள்ளிவிடுவார்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தீர்மானத்தை எழுதி, சத்தமாகப் படித்த பிறகே போடுங்கள். பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"குழந்தைகள் நலனை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. இப்படி எழுதுங்கள்: "கிழக்குக் குடியிருப்பில் 6 வயதுக்குட்பட்டோர் 43 பேர். மையம் 2 கி.மீ. தொலைவில், நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ளது. 3 வயது முடிந்த 20 பேரில் தினமும் வருவது 6 பேர். இக்குடியிருப்பிலேயே மையம் அமைக்க வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைக் கோருகிறோம்." இந்த 43-க்கு ஒரு பலம் உண்டு: 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்பது 2006 டிசம்பர் 13-இன் உச்ச நீதிமன்ற உத்தரவு. "புது மையத்துக்கு ஒப்புதல் இல்லை" என்ற பதில் வரும். அதற்கும் தயாராக, குழந்தைகள் குறைந்த மையம் பக்கத்தில் இருந்தால் அதை இங்கே மாற்றக் கேட்டு இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

குழந்தையின் பெயரையும் எடையையும் சபையில் படிக்கவே கூடாது. அந்தத் தாய் மறுமாதம் எடை பார்க்க வரமாட்டார்.

மனு சுற்றி வரும்போது

ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமை மனு மாவட்டத் திட்ட அலுவலருக்குப் போய், அங்கிருந்து வட்டாரத்துக்கு வந்து, கடைசியில் யாரைப் பற்றிய புகாரோ அவரிடமே "அறிக்கை தரவும்" என்று வந்து நிற்கும். "மனு தீர்வு செய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வந்துவிடும். அதனால் மனுவின் தலைப்பிலேயே "உணவுப் பாதுகாப்புச் சட்டம், 15வது பிரிவின் கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலருக்கு" என்று எழுதுங்கள். வராத உணவுக்கு 8வது பிரிவின்படி உணவுப் பாதுகாப்புப் படி (உணவுக்கு ஈடான பணம்) கோருகிறோம் என்று ஒரு வரியும் சேருங்கள். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைக் காரணமின்றித் தராத அலுவலருக்கு மாநில உணவு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தப் பிரிவு எண்கள் இருந்தால் மனுவை வெறும் புகாராக மூடுவது கடினம்.

பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பெயர் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். மையவாரியாக, மாதவாரியாக எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். "ஏன் தரவில்லை?" என்ற கேள்விக்கும் பதில் வராது, "சத்துமாவு பெறப்பட்ட தேதி, அளவு" என்று கேட்டால் வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முதல் மேல்முறையீட்டின் 30 நாளைத் தவறவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். மனு அனுப்பிய அன்றே 31வது நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.