டேட்டிங்: சொல் விளக்கம்

ஒருவரையொருவர் துணையாக ஏற்கலாமா என்று அறிந்துகொள்வதற்காக இருவர் நாள் குறித்துச் சந்தித்துப் பழகுவதே டேட்டிங். ‘கொடுக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லே ‘டேட்’டின் மூலம். ரோமானியர் கடிதங்களில் ‘இன்ன ஊரில் இன்ன நாளில் கொடுக்கப்பட்டது’ என்று குறித்ததால் அது நாளைச் சுட்டலாயிற்று. பிறகு அந்நாளில் செய்துகொண்ட ஏற்பாட்டையும் சுட்டியது. காதல் சந்திப்பு என்ற பொருளில் அச்சொல்லை, 1896இல் சிகாகோ நாளிதழாளர் ஜார்ஜ் ஏட் தெருப்பேச்சாகவே எழுதினார்.

அதற்கு முன் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களில், பெண்ணோ அவள் தாயோ அழைத்தால்தான் ஆண் அவள் வீட்டுக்கு வரலாம். வரவேற்பறையும் பலகாரமும் பெண் வீட்டாருடையவை. நகரத்தில் வாடகை அறைகளில் தங்கி வேலைக்குச் சென்ற பெண்களுக்கு வரவேற்பறை ஏது? சந்திப்பு நடன அரங்குக்கும் உணவகத்துக்கும் நகர்ந்தது. அங்கே எல்லாவற்றுக்கும் காசு வேண்டும், பெண்களின் கூலியோ ஆண்களுடையதைவிடக் குறைவு. ஆகவே ஆண் செலவழித்தான்; செலவழித்தவனே அழைப்பவனும் ஆனான். இம்மாற்றத்தை வரலாற்றாசிரியர் பெத் பெய்லி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ‘ஆண்தான் முதலில் கேட்க வேண்டும், அவனே பணம் கொடுக்க வேண்டும்’ என்று இன்று ஆண்மையின் இயல்பாகச் சொல்லப்படுவது, கூலி வேறுபாடு பெற்றெடுத்த வழக்கமே. பில் வந்ததும் பெண் பணப்பையைத் திறந்தால் அவமானமாக உணரும் ஆணும், அவன் திறக்காவிட்டால் அவனைக் கஞ்சனென்று எண்ணும் பெண்ணும் அந்தப் பழஞ்சுமையையே தூக்கி வருகிறார்கள்.

தமிழில் இதற்கு நெருங்கிய பழஞ்சொல் ‘குறி’. தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடமே குறி. அது பகற்குறி, இரவுக்குறி என இருவகைப்படும். ‘களஞ்சுட்டு கிளவி கிழவி யதாகும்’ என்கிறது தொல்காப்பியம். அதாவது இடத்தைச் சொல்லும் உரிமை தலைவிக்கே உரியது. ஆயினும் குறி, களவு எனப்படும் ஊரறியாக் காதலில் நிகழ்வது. இன்று அச்சொல்லுக்கு வேறு பொருள்களும் ஏறிவிட்டன. ‘காதலித்தல்’ என்றும் பெயர்க்கக் கூடாது. காதல் உண்டா என்று தெரியாத நிலையில்தான் டேட்டிங் தொடங்குகிறது. ஆகவே டேட்டிங்கைப் ‘பழகிப் பார்த்தல்’ என்றும், ஒருநாள் டேட்டைச் ‘சந்திப்பு’ என்றும் சொல்வதே தகும். ‘கொஞ்ச நாளாகப் பழகுகிறோம், இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று நம் இளைஞர்கள் இயல்பாகவே சொல்கிறார்கள். அதில் யார் அழைத்தார், யார் செலவழித்தார் என்ற கணக்கு இல்லை.