லிப்போசோம்: உடலா, குமிழா?

முகத்தில் பூசும் க்ரீம் டப்பாக்களில் ‘லிப்போசோமல்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆறாத புண்களுக்கான மருந்து ஆய்விலும் இதே சொல்தான் புழங்குகிறது. கொழுப்புப் படலம் மூடிய, உள்ளே நீர் கொண்ட நுண்ணிய உருண்டைதான் லிப்போசோம். இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம். கிரேக்க மொழியில் லிப்போஸ் என்றால் கொழுப்பு, சோமா என்றால் உடல். குரோமோசோமில் இருப்பதும் இந்தச் சோமாதான்.

1961இல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள பாப்ரகாமில், அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர் புது எலெக்ட்ரான் நுண்ணோக்கியைச் சோதித்துப் பார்க்கையில், நீரில் விட்ட பாஸ்போலிப்பிட் (செல்சவ்வில் உள்ள கொழுப்பு வகை) தானாகவே உருண்டைகளாக மூடிக்கொண்டிருப்பதைக் கண்டார். கூட இருந்தவர்கள் விளையாட்டாக அதை ‘பாங்கோசோம்’ என்றார்கள். பிறகு ஜெரால்ட் வைஸ்மன் என்ற நியூயார்க் மருத்துவர் வைத்த லிப்போசோம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பாஸ்போலிப்பிட்டின் தலைக்கு நீர் பிடிக்கும், இரண்டு வால்களுக்கும் ஆகாது. நீரில் விட்டதும் வால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே ஒளிந்துகொள்ள, இரட்டை அடுக்குப் படலம் உண்டாகி, விளிம்புகள் சேர்ந்து மூடிக்கொள்ளும். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே மெல்லிய சதை, உள்ளே நீர். நீரில் கரையும் மருந்து உள்நீரில் தங்கும். எண்ணெயில் கரைவது படலத்துக்குள் புகுந்துகொள்ளும். மஞ்சளில் உள்ள குர்குமின் இரண்டாவது வகை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் அடியில் போய்ப் படியும், சூடான எண்ணெயில் போட்டால் நிறம் இறங்கும், இல்லையா? அதே கதைதான்.

நீரிழிவுப் புண்ணில் இதற்கென்ன வேலை? திசுவை வளரத் தூண்டும் புரதங்களை அப்படியே தடவினால், புண்ணின் கசிவில் உள்ள நொதிகள் அவற்றைச் சீக்கிரமே சிதைத்துவிடும். படலத்துக்குள் இருந்தால் தப்பிப் பிழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும். படலமும் செல்சவ்வின் சரக்கேயானதால் தோலுக்கு அந்நியமில்லை. புற்றுநோய் மருந்தில் 1995இலேயே லிப்போசோமில் அடைத்த ‘டாக்சில்’ அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. புண் விஷயத்தில் பெரும்பகுதி இன்னும் ஆய்வகத்தில்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? லிப்பிடுக்கு, அதாவது கொழுப்பு வகைப் பொருள்களுக்கு, இலங்கைப் பாடநூல்களில் ‘இலிப்பிட்டு’. லகரம் சொல்லுக்கு முதலில் வராது, டகர மெய் இறுதியில் நிற்காது என்ற இரண்டு விதிகளுக்கும் பணிந்த வடிவம். இங்கே ‘கொழுமியம்’ என்று ஒரு ஆக்கம் உண்டு. வெறும் ‘கொழுப்பு’ பேச்சில் திமிரையும் குறிக்கும். பழைய ‘நிணம்’ நல்ல சொல், ஆனால் நிணநீர் அதை எடுத்துக்கொண்டது. ஆக, கொழுமியமே.

சோமாவுக்கு? குரோமோசோமை நிறமூர்த்தம் என்கிற இலங்கை வழக்கைப் பின்பற்றினால் ‘கொழுமிய மூர்த்தம்’ வரும். ‘கொழுமிய உடலம்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குத் தப்பு. இதில் உடல் எங்கே இருக்கிறது? ‘பை’ என்றால் இரைப்பை, பித்தப்பை வரிசையில் உறுப்பாகிவிடும். என் தேர்வு ‘கொழுமியக்குமிழ்’. வழக்கமான குமிழில் காற்று, இதில் நீர். அந்த வித்தியாசம் பொறுத்துக்கொள்ளக் கூடியதே.

அப்புறம், இதோடு ஒட்டி வரும் ‘டிரக் டெலிவரி’யை ‘மருந்து விநியோகம்’ என்பது எனக்கு ஒப்பவில்லை. அதைக் கேட்டால் ரேஷன் கடை வரிசைதான் கண்முன் வருகிறது. மருந்து உரிய இடம் போய்ச் சேர்வதுதானே விஷயம்? ‘மருந்து சேர்ப்பு’ போதும்.