ஒற்றைப்படை எண் எல்லாம் பகா எண் ஆகிவிடாது

காரைக்குடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருவோருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, விடைத்தாளில் 91ஐப் பகா எண் என்று வட்டமிட்டிருப்பதைப் பார்ப்பது புதிதல்ல. ஆனால் சென்ற வாரம் மாதிரித் தேர்வில் முதுகலைப் பட்டதாரி ஒருவர் அதே விடையை எழுதிவிட்டு, "சார், ஒற்றைப்படை எண்தானே, ஐந்திலும் முடியவில்லையே, அப்புறம் எதனால் வகுபடும்?" என்று என்னிடமே வாதாடிய பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1ஐவிடப் பெரியதாகவும், 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாததாகவும் உள்ள முழு எண்ணே பகா எண். இந்த வரையறையில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற பேச்சே கிடையாது. 2ஐத் தவிர மற்ற பகா எண்கள் அனைத்தும் ஒற்றைப்படை என்பது உண்மைதான். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒற்றைப்படை அனைத்தும் பகா எண்கள் என்று முடிவுகட்டுவதுதான் கோளாறு. 100க்குள் உள்ள 50 ஒற்றைப்படை எண்களில் பகா எண்கள் 24 மட்டுமே. 1ஐ ஒதுக்கிவிட்டால் மீதி 25உம் பகு எண்கள், அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணியும் உள்ளவை. ஆகவே ஒற்றைப்படையைக் கண்டதும் பகா எண் என்று எழுதுபவர் பாதிக்கு மேல் தவறாகவே எழுதுவார். 51, 57, 87 ஆகியவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் முறையே 6, 12, 15 வருகின்றன. மூன்றுமே 3ஆல் வகுபடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 91 என்பதோ பதின்மூன்றாம் வாய்ப்பாட்டின் ஏழாம் வரி. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு 91, 119, 133 ஆகியவற்றின் மீது தனிப் பிரியம் உண்டு என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே. மூன்றும் 7இன் மடங்குகள், பார்த்தவுடன் பிடிபடாதவை.

இன்னும் நம்பாதவர்கள் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாரைக் கேட்கட்டும். 91 கற்களைக் கொடுத்தால், வரிசைக்கு 13 வீதம் 7 வரிசைகளாக மிச்சமில்லாமல் ஒரு செவ்வகத்தைப் பதித்துவிடுவார். 97 கற்களைக் கொடுத்தால், கல்லை உடைக்காத வரையில், ஒரே வரிசையாக நீளப் பதிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. 60 கற்கள் என்றால் ஆறு விதமான செவ்வகங்கள் கிடைக்கும், ஏனெனில் 60க்குக் காரணிகள் 12.

கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரில் கணித நிறுவனம் தொடங்கினார் என்பதை இங்குள்ள மாணவர்கள் பெருமையோடு சொல்வார்கள். 1729ஐ இரண்டு கன எண்களின் கூடுதலாக இரு விதங்களில் எழுதலாம் என்பதையும் ஒப்பிப்பார்கள். அந்த எண்ணின் காரணிகளைக் கேட்டால் மட்டும் வகுப்பில் ஓசை இருக்காது. 7, 13, 19 ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது 1729.

1 பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல. அதோடு அதை விட்டுவிடலாம். காரணிக்கும் மடங்குக்கும் இடையிலான குழப்பத்தை அப்படி விட முடியவில்லை. 12, 18 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 36 என்று எழுதுகிறார்கள். 36 எப்படி 12ஐ மீதியின்றி வகுக்கும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் 6 என்ற விடைக்கு வந்திருப்பார்கள். மீப்பெரு என்ற அடைமொழியைக் கண்டு பெரிய எண்ணைத் தேடி ஓடாதீர்கள்.

97 பகா எண்ணா என்று பார்க்க 48 வரை வகுத்துக்கொண்டே போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நேரத்தை வீணாக்காதீர்கள். 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது. அடுத்த பகா எண்ணான 11ஐ 11ஆல் பெருக்கினாலே 97ஐத் தாண்டி 121 ஆகிவிடுகிறது; ஆகவே 97க்கு வேறு காரணிகள் இருந்தால், அவற்றில் ஒன்றாவது 11ஐவிடச் சிறியதாக இருந்தே ஆக வேண்டும். 288 வரை உள்ள எந்த எண்ணுக்கும் 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு வகுத்தல்களே போதும். அவற்றில் 7ஆல் வகுப்பதை மனக்கணக்காகச் செய்யாமல் தாளின் ஓரத்தில் எழுதியே செய்யுங்கள், பெரும்பாலானோர் சறுக்குவது அங்கேதான். வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஆச்சிமார்களிடம் ஒரு வேண்டுகோள்: வாய்ப்பாட்டைப் பத்தோடு நிறுத்திவிடாமல், 13, 17, 19 ஆகிய மூன்றையும் மனப்பாடமாகக் கேட்டு வாங்குங்கள்.