எரிவாயு அல்ல, வளிமம்

"எரிவாயு உள்ளடக்கம் மிகுந்த சுருள் விண்மீன் திரள்களில் விண்மீன்கள் அதிகம் உருவாகின்றன." உதகையில் ஓர் அறிவியல் கண்காட்சித் தட்டியில் இருந்த வரி இது; ஆங்கிலத்தின் 'கேஸ் கன்டென்ட்' தமிழில் இப்படி ஆகியிருக்கிறது. பக்கத்து முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் வானைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஊருக்குள் இப்படி! இதழ்களிலும் இந்த எரிவாயுவைப் பார்த்துச் சலித்துவிட்டது. எரிவாயு என்பது சிலிண்டரில் வருவது, பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது.

'கேஸ்' என்பது 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் கிரேக்கக் 'கேயாஸ்' என்பதிலிருந்து ஆக்கிய சொல். நம்மிடம் தொல்காப்பியத்திலேயே 'வளி' உண்டு. திண்மம், நீர்மம் என்ற வரிசையில் வளிமம். அவ்வளவுதான்.

"விண்மீன் எரிகிறதே, எரிவாயு என்றால் என்ன தவறு?" என்கிறார்கள். அடுப்பில் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். விண்மீனுக்குள் நடப்பது அணுக்கரு இணைவு. தவிர, விண்மீன்களுக்கு இடையிலுள்ள வளிமத்தின் நிறையில் ஏறத்தாழக் கால் பங்கு ஹீலியம். அதைப் பற்றவைத்துக் காட்டட்டும் பார்க்கலாம். இதைவிடப் பெரிய கேடு, 'எரி' என்றதுமே படிப்பவர் மனத்தில் சூடு ஏறிவிடுவது. விண்மீன் பிறப்பதோ கடுங்குளிரில். ஜனவரியில் தலைக்குந்தாப் புல்வெளியை வெளுக்கவைக்கும் உறைபனி பூஜ்யம் டிகிரியை ஒட்டியது. விண்மீன் கருக்கொள்ளும் மூலக்கூற்று முகில்கள், அதாவது அணுக்கள் மூலக்கூறுகளாகச் சேர்ந்திருக்கும் வளிமத் திரட்சிகள், மைனஸ் 260 டிகிரியை ஒட்டியவை. சூடான வளிமம் தன் அழுத்தத்தால் ஈர்ப்பை எதிர்த்து நிற்கும். குளிர்ந்தால்தான் சுருங்கித் திரளும். ஆக, வளிமம் எவ்வளவு இருந்தாலும் அது ஆறாதவரை விண்மீன் இல்லை.

அடுத்து அந்த 'உள்ளடக்கம்'. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியதை வானத்தில் ஏற்றிவிட்டார்கள். 'வளிம இருப்பு' என்றால் கடைக்காரருக்கும் புரியும்: இருப்புக் கரைந்த திரளில் புதிய நீல விண்மீன்கள் அருகி, வயதான சிவப்பு விண்மீன்களே மிஞ்சும். ஆனால் இருப்பு வேறு, செறிவு வேறு. வானியலாளர் ஷ்மிட் 1959இல் தொடங்கிவைத்து, இன்னொரு வானியலாளர் கென்னிக்கட் 1998இல் சுருள் திரள்களுக்குப் பொருத்திக் காட்டிய விதிப்படி, வளிமத்தின் பரப்புச் செறிவு (திரளின் தட்டில் ஓர் அலகுப் பரப்புக்கு உள்ள வளிம நிறை) இருமடங்கானால் விண்மீன் பிறப்பு வீதம் ஏறத்தாழ 2.6 மடங்காகும். இரண்டையும் 'அளவு' என்று ஒரே சொல்லால் மெழுகிவிடும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்தக் கணக்கு என்றைக்கும் பிடிபடாது.

'வாயு' என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டையில்லை, வயிற்றுக் கோளாறு நினைவுக்கு வருகிறது என்பதைத் தவிர. தனித்தமிழ் என்று சொல்லிக்கொண்டு 'காற்று' என்று எழுதுவோரைத்தான் விடுவதாக இல்லை. அது நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த, நாம் மூச்சிழுக்கும் கலவையின் பெயர்.