வீட்டில் ஒருவருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்சினுக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்து மகனுக்கோ மகளுக்கோ தம்பிக்கோ கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எஞ்சின் எப்படி இருக்கு?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். பத்து வருஷத்து டயரும் ஈரம் ஏறிய பிரேக் ஆயிலும் துரு தின்ற சேசிஸும் இருந்தால், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பணத்தைப் பிரிக்க வேண்டும். கையில் இருப்பது முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது டயர், பிரேக், புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்), ஆயில், பெல்ட் என்று ஒதுக்கிவிட்டு, மீதியில் எந்த வண்டி கிடைக்கிறதோ அதைத் தேடுங்கள்.

வண்டி பார்க்கக் கிளம்பும் முன்பே இன்சூரன்ஸ் விசாரித்துவிடுங்கள். யார் ஓட்டப்போகிறாரோ அவர் வயதையும் அனுபவத்தையும் சொல்லியே விசாரியுங்கள். தொகையைக் குறைக்க அப்பாவோ அம்மாவோ தான்தான் முக்கிய ஓட்டுநர் என்று எழுதிக் கொடுப்பது பல நாடுகளில் மோசடியாகக் கருதப்படும். விபத்து நடந்த பிறகு நஷ்டஈடு மறுக்கப்படும்போதுதான் அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரியும். சைலன்சர், ஸ்பிரிங், ஈசியு டியூனிங் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) போன்ற மாற்றங்களையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எந்த வண்டி? முதல்முறை ஓட்டுபவருக்கு எடை குறைந்த, சக்தி மிதமான வண்டியே நல்லது. 1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை ஒரு டன்னை ஒட்டிய எடைதான். பாகங்கள் எளிதில் கிடைக்கும், வேலை பார்க்கவும் சுலபம். ஆனால் அதில் ஈஎஸ்சி, அதாவது வண்டி சறுக்கும்போது தானே சக்கரங்களுக்கு பிரேக் கொடுத்து நேராக்கும் ஏற்பாடு, கிடையாது. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2014 நவம்பரிலிருந்தும் இது கட்டாயம் ஆனது. 2012-இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டிலும் ஈஎஸ்சி உண்டு. ஓட்டப்போகிறவர் பின்சக்கர இழுவை வண்டிக்கு, அதாவது எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் வண்டிக்கு, புதியவர் என்றால் எங்கள் பரிந்துரை ஈஎஸ்சி உள்ளதுதான். கொஞ்சம் காத்திருந்து பணம் சேர்த்தாவது அதை வாங்குங்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் தெரிந்த நோய் ஒன்று உண்டு. 1990, 91 காலத்து 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5-இல் கிராங்கின், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டின், முனை குட்டையாக இருக்கும். அதில் பெல்ட் ஓடும் புல்லியின் போல்ட் ஒருமுறை சரியாக முறுக்கப்படாமல் விட்டாலே, புல்லியைப் பிடித்திருக்கும் சாவிக்காடி தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பித்துவிடும். முன்புறத்துப் புல்லியில் நான்கு பிளவு தெரிந்தால் குட்டை முனை, எட்டு தெரிந்தால் பிறகு வந்த நீள முனை. 2012, 13-இல் தயாரான 86, பிஆர்இசட் வண்டிகளில் வால்வு ஸ்பிரிங்குக்காக 2018-இல் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைப்பது, வந்தது. அந்த வேலைக்கு எஞ்சினை இறக்க வேண்டும். எஞ்சினை மூடும்போது திரும்பப் பூசும் பசையைத் தாராளமாக அப்பிவிட்டால், அது உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். அதனால் "ரீகால் முடிஞ்சது" என்ற பதிலோடு விட்டுவிடாமல், யார் செய்தது, அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். போர்ஷே 986 பாக்ஸ்டரில் இடைத்தண்டு பேரிங் உடைந்தால் எஞ்சின் மொத்தமாகப் போய்விடும். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 விலை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் அதன் ரோட்டரி எஞ்சின், வடிவமைப்பிலேயே ஆயிலைக் கொஞ்சம் எரிக்கும். எஞ்சின் உள்ளே காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று அளக்கும் சாதாரண கம்ப்ரஷன் கேஜை வைத்தால் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும், பலவீனமான முகம் மறைந்துவிடும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி கேஜ் வைத்திருப்பவரிடம்தான் சோதிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அணைத்து உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். திணறினால் கம்ப்ரஷன் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

துரு ஒளிந்திருக்கும் இடம்

பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம். பெயின்ட் தடிமன் கேஜில் கம்பெனிப் பூச்சு பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 500, 1000 என்று ஏறினால் உள்ளே பட்டி இருக்கிறது. கதவில் பட்டி என்றால் விலை பேசலாம். பின்சக்கர வளைவுக்கு முன்னால், ஜாக்கி வைக்கும் இடத்தில், சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் பட்டி என்றால் பேச்சே வேண்டாம்.

மேற்கூரை மடிக்கும் எம்எக்ஸ்-5-இல் ஒரு சின்ன ஓட்டைதான் எல்லாவற்றுக்கும் மூலம். கூரையில் விழும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகுழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் வடிய வேண்டும். இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து குழாய் அடைபட்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் ஒரு கொப்புளம் தெரிவதற்குள் உள்தகடு காகிதம் மாதிரி ஆகியிருக்கும். கூரையைப் பாதி மடித்து, ஓரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, குனிந்து சக்கரத்தின் முன்னால் பாருங்கள். சில நொடிகளில் தரை நனைய வேண்டும். நனையாவிட்டால் சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். கை ஈரமானால் வேறு சோதனையே தேவையில்லை. குழாய் அடைப்பை எடுக்க வளையும் பிளாஸ்டிக் கம்பி போதும். கம்ப்ரஸர் காற்றை வேகமாக விட்டால் குழாயே உள்ளே கழன்றுகொள்ளும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு கணம் நீலப்புகை வந்து மறைந்தால் கோளாறு வால்வு சீலில். அழுத்தி ஓட்டும்போது நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்கில். இனிப்பு வாசத்தோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டில். கம்ப்ரஷன் பார்க்கும்போது எஞ்சின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தி, பெட்ரோலும் தீப்பொறியும் வராமல் துண்டித்துச் சுற்ற வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் முக்கியம். 10, 15 சதவீதத்தைத் தாண்டினால், அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். கிளட்ச்சுக்கு, மேல் கியரில் 50 கிமீ வேகத்தில் முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி கருவியில் கோளாறு எதுவும் இல்லை என்று காட்டியதோடு திருப்தி அடையாதீர்கள். சுயசோதனைகள் 'முடியவில்லை' என்று இருந்தால், யாரோ சமீபத்தில் கோளாறுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஏர்பேக் விளக்கை மறக்கவே கூடாது. சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஹோண்டா எஸ்2000, ஆர்எக்ஸ்-8 இரண்டும் டகாட்டா ஏர்பேக் ரீகாலில் அடங்கியவை. ஏர்பேக்கை ஊதும் அந்த இன்ஃப்ளேட்டர் வெடித்தால் உலோகத் துண்டுகள் ஓட்டுபவர் முகத்தில் பாயும். வண்டியின் அடையாளமான 17 எழுத்து வின் எண்ணைக் கொடுத்து, மாற்றப்பட்டுவிட்டதா என்று தயாரிப்பாளரிடம் உறுதி செய்த பிறகே பிள்ளையை உட்கார வையுங்கள்.

முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களில் அழகுக்காகச் செய்தவை பரவாயில்லை, பாதுகாப்பைத் தொட்டவைதான் ஆபத்து. அறுத்துக் குட்டையாக்கிய ஸ்பிரிங் குழியில் இறங்கி ஏறும்போது தான் உட்காரும் தட்டிலிருந்து நழுவலாம். ஏர்பேக் இல்லாத ரேஸ் ஸ்டியரிங், தலைக்குப் பக்கத்தில் மெத்தை இல்லாத ரோல் கேஜ் ஆகியவை ஹெல்மெட் போட்டு டிராக்கில் ஓட்டுபவருக்கானவை. ஹெல்மெட் இல்லாமல் தெருவில் ஓட்டினால், சின்ன மோதலிலும் தலை அந்தக் கம்பியில்தான் இடிக்கும். ஒரிஜினல் பாகங்கள் அட்டைப்பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு, அவற்றோடு சேர்த்தே விலை பேசுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

முதல் செலவு டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாக ஓடுவதால் டயரின் பட்டன் தேயாமல் நிறைய இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். ஏமாறுவது இங்கேதான். ஆறு வருஷத்தைத் தாண்டியதைச் சந்தேகியுங்கள், பத்தைத் தாண்டியதைக் கழற்றிப் போடுங்கள். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். இரண்டு மட்டும் வாங்க முடிந்தால் புதியவை பின்னால் போக வேண்டும். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி மீளலாம், பின்பக்கம் வழுக்கினால் புதியவரால் மீள முடியாது. காற்றும் பழக்கத்தில் 32 என்று அடித்துவிடாதீர்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு நான்கிலும் 26 பிஎஸ்ஐதான்.

அடுத்து பிரேக். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். மலைப்பாதையில் டிஸ்க் சூடேறும்போது உள்ளே நீராவிக் குமிழ் உண்டாகி, மிதி பஞ்சு மாதிரி கீழே போகும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத ஆயிலை, வாங்கிய வாரமே மாற்றுங்கள். ஒரு லிட்டர் போதும். பழைய வண்டியில் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது மிதியைத் தரைவரை அழுத்தக் கூடாது. மிதியின் அழுத்தத்தைப் பிரேக்குகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் படிந்த துருவில் சீல் கிழிந்து, நன்றாக இருந்த பிரேக் மறுநாள் போய்விடும். மிதிக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் தீர்ந்தது.

முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-இன் பின் கேலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) முன்பக்கம் மாதிரி கிளாம்ப் போட்டு நெருக்கினால், உள்ளே இருக்கும் ஹேண்ட் பிரேக் அமைப்பு கெட்டுப்போகும். கேலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் சாவி நுழையும் திருகு தெரியும். இடப்பக்கம் திருகினால் பிஸ்டன் பின்வாங்கும். புதுப் பேடை வைத்த பிறகு, டிஸ்க்கைப் பிடிக்கும்வரை வலப்பக்கம் திருகி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று திரும்ப விட வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை மாற்றியவர்கள் பலர். அவர்களுக்குத் தேவைப்பட்டது இந்த ஆலன் சாவிதான்.

ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது, ஒரு நிமிஷ வேலைக்குக் கூட. ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகுதான்.

டைமிங் பெல்ட்டுக்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. சுமார் ஒரு லட்சம் கிமீ இடைவெளி. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, வேறு பல எஞ்சின்களில் இடித்து வளைத்துவிடும். பெல்ட் மாற்றும்போதே வாட்டர் பம்ப்பையும் முன் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில், டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. இதை மாற்றிப் போட்டால் சில பெட்டிகளில் பித்தளை சின்க்ரோ வளையம் அரிபடும். கடைசியாக புஷ், ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட். சக்தி கூட்டும் பாகங்களுக்கு முதல் வருஷம் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

சாவியைக் கொடுக்கும் முன் காலி மைதானம் ஒன்றில், ஈரத் தரையில், மெதுவான வேகத்தில் அவரை வட்டமாக ஓட்ட வையுங்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து, பின்பக்கம் சுழலும். பின்சக்கர இழுவை வண்டியில் புதியவர்கள் இழப்பது இந்த ஒரு நொடியில்தான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, உள்ளே போன பிறகு காலை நிதானமாக வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 30 கிமீ வேகத்தில் வண்டி திரும்பிக்கொள்வதை அவர் உடம்பே உணர வேண்டும்.

முதல் நூறு கிமீ ஓடியதும் சக்கர நட்டுகளை, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள், எம்எக்ஸ்-5-க்கு 110 நியூட்டன் மீட்டர் அளவில். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் வண்டியை சமதரையில் நிறுத்தி, சில நிமிஷம் விட்டு, ஆயில் குச்சியைத் துடைத்து இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை வண்டி யாருக்கோ அவரிடமே விடுங்கள். அளவை எழுத ஒரு சிறு நோட்டு டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கட்டும். தேதி, கிலோமீட்டர், எவ்வளவு ஊற்றினோம் என்ற மூன்றும் போதும். ஆயிரம் கிமீ-க்கு ஒரு லிட்டரைத் தாண்டுகிறது என்று அந்த நோட்டு காட்டினால், வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவரும் நேரம் வந்துவிட்டது.